வாய்க்கால் பாலம் தாண்டாத நரம்பு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, இன்னும் கிட்ட. ஆனால் உட்காருவதற்கு முன்னால் தரையைக் கையால் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்க, ஏனென்றால் ஒத்தப்பனைப்புதூரில் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள், ஒரு பொம்பளையின் நரம்பு அந்த ஊருக்குள் ஓடுகிறது, அதன்மேல் நாம் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால் நாலு தெரு தள்ளி அவள் துடித்துப் போவாள்.

அந்தப் பொம்பளை பேர் துளசிமணி. ராஜமாணிக்கத்தின் பட்டறையில் ஒன்பது வருஷம் பிரஸ் ஓட்டியவள். பட்டறை என்றால் பெரிசாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஆறு பவர் பிரஸ், பீரோவுக்குக் கீல் அடிக்கிற வேலை. தகட்டை அச்சுக்குள் வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், மிஷினுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்கிற இரண்டு பொத்தானையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும், அப்போதுதான் மேலேயிருக்கிற அச்சு இறங்கும். மிஷினைச் செய்தவன் புத்திசாலி. இரண்டு கையும் பொத்தான்மேல் இருந்தால் நடுவில் கை இருக்காது என்று யோசித்திருந்தான். ராஜமாணிக்கம் அவனைவிடப் புத்திசாலி. இடது பக்கத்துப் பொத்தானைக் கறுப்பு டேப் போட்டு அமுங்கினது அமுங்கினபடியே ஒட்டிவிட்டார். வலது கை பொத்தானைப் பார்த்துக்கொள்ள, இடது கை தகட்டை வைத்து வைத்து எடுக்க, வேலை ஒன்றுக்கு இரண்டாக ஓடும் என்றார். ஓடத்தான் செய்தது. ஆறு மிஷினிலும் டேப், வருஷக்கணக்காக டேப், ஓரம் கிழிந்தால் ஓட்டுகிறவர்களே புது டேப் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு அது மிஷினோடு பிறந்த உறுப்பு மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில், ஆறாவது பிரஸில் கீல் விழுகிற சத்தம் மாறிக் கேட்டது. எப்போதும் 'டக்' என்று விழும். அது 'தொப்' என்றது. துளசிமணிக்கு முதலில் வலிக்கவே இல்லை, சத்தம் ஏன் இப்படி இருக்கிறது என்றுதான் குனிந்து பார்த்தாள். இடது கை ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு போயிருந்தது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. ஒருத்தர் ஆட்டோவுக்கு ஓடினார். பக்கத்து பிரஸ்காரி மரகதம் தன் துண்டைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். ராஜமாணிக்கம் பூசணிக்காய்க்கு ஓடினார். "மிஷின் ரத்தம் கேட்டிருச்சு, இனி இன்னொண்ணு கேக்கக் கூடாது" என்று சொல்லி, அந்த விரலை மஞ்சள் துணியில் முடிந்து, ஆறாவது பிரஸின் காலடியில் குழி தோண்டி உள்ளே வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொழுது இறங்குவதற்குள் மேலே மூன்று சட்டி கான்கிரீட்டும் போட்டு மெழுகிவிட்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். மரகதமும் கும்பிட்டாள். மனசாரத்தான் கும்பிட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "விரல் எங்கய்யா?" என்று கேட்டார்.

துளசிமணியின் புருஷன் வேலுச்சாமி, லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர், நிமிர்ந்து நின்று சொன்னார்: "அதெல்லாம் மொறப்படி பண்ணியாச்சுங்க டாக்டரம்மா. ஒரு கொறையும் வெக்கல."

"பண்ணியாச்சா? சுத்தமா கவர்ல போட்டு ஐஸ் மேல வெச்சுக் கொண்டாந்திருந்தா ஒட்டப் பாத்திருப்பனே!"

வேலுச்சாமி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தன் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புண் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. நாலாவது வாரம் அந்த மொட்டை விரலின் நுனியில் குண்டூசி நின்றமாதிரி ஒன்று தெரிந்தது. போர்வை ஓரம் பட்டால் மின்னல் வெட்டும், குழாய்த் தண்ணீர் பட்டால் மின்னல் வெட்டும், இல்லாத நகத்துக்கு அடியில் அரிக்கும், சொரிந்துகொள்ள அங்கே ஒன்றும் இருக்காது. நாற்பத்திரண்டாம் நாள் காலையில் அந்த நுனியிலிருந்து இடியாப்ப நூல் தடிமனுக்கு வெள்ளையாக ஒரு நரம்பு எட்டிப் பார்த்தது, இப்படியும் அப்படியும் தலையை ஆட்டிக் காற்றை மோந்தது, கட்டிலை விட்டு இறங்கியது, வாசலைக் கடந்தது, சந்தில் திரும்பி நடையைக் கட்டியது.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "ஏன் துளசி, சந்தெல்லாம் நூல உட்டு வெச்சிருக்கற?"

"நூலில்லீங்க்கா. நரம்பு."

"அதான பாத்தேன், நூலுன்னா இப்படித் துடிக்காதே" என்ற பொன்னுத்தாயி, "கோழி கொத்திறப் போகுது, இரு" என்று ஓடிப்போய்க் கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு ஊரில் அதைப் பற்றி அதற்குமேல் பேச்சு இல்லை.

வெள்ளிக்கிழமை அது மாவு மில்லைத் தாண்டியது. திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்று எந்தப் பக்கம் என்று யோசித்தது. அடுத்த வியாழக்கிழமை பட்டறை ஷட்டருக்கு அடியில் நுழைந்து, ஐந்து பிரஸைக் கடந்து, ஆறாவது பிரஸின் காலடியில் கான்கிரீட்டை முட்டி நின்றது. தாய் மாட்டைக் கட்டின கொட்டத்துக் கதவை முட்டுகிற கன்றுக்குட்டி மாதிரி முட்டிக்கொண்டே நின்றது. உள்ளே போக வழியில்லை, திரும்பி வரவும் தெரியவில்லை, அதனால் தன்னையே சுற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டு ஒரு முண்டாகிப் போனது. மேலே பிரஸ் இறங்கும்போதெல்லாம் அந்த முண்டு அதிர்ந்தது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் கீல் அடிப்பார்களோ அத்தனை ஆயிரம் தடவை, நாலு தெரு தள்ளி அடுப்படியில் நின்றிருந்த துளசிமணி பல்லைக் கடித்தாள்.

ஊர் அதைத் தன் பிழைப்புக்குள் சேர்த்துக்கொண்டது. எதைத்தான் ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை? தண்ணி லாரிக்காரர் நரம்பு வரும் இடத்தில் இறங்கி, இரண்டு கவைக்கோலால் அதைத் தூக்கிப் பிடித்து லாரியை விட்டார். சாமி ஊர்வலத்தில் கரண்டுக் கம்பியைத் தூக்குகிறவர்களே இதையும் தூக்கினார்கள். பஸ் கண்டக்டர், "மாவு மில்லு, நரம்பு, பள்ளிக்கூடம் எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். மழைக்கு முதல்நாள் நரம்பு விறைத்துக்கொள்ளும், அதைப் பார்த்து எல்லோரும் காயப்போட்ட மிளகாயை அள்ளினார்கள். துளசிமணி ஓட்டுப்போடப் போனபோது மை வைக்கிற அம்மா இடது ஆள்காட்டி விரலைத் தேடிப் பார்த்துவிட்டு, வேறு வழி தெரியாமல் நரம்பில் ஒரு சொட்டு வைத்துவிட்டார். மை ஓடி ஓடிப் பட்டறை வரைக்கும் போய், ஒரு மாசத்துக்கு ஊருக்கு நடுவே ஊதாக்கோடு கிடந்தது. மனசில் பாரம் உள்ளவர்கள் யாரும் பார்க்காத நேரத்தில் அதை ஒற்றை விரலால் லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்கள், யார் தொட்டது, என்ன வருத்தத்தில் தொட்டது என்று துளசிமணிக்குத் தெரிந்தது, அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது பழகிப்போனது. வலிக்கிறவளுக்குத்தான் பழகவில்லை.

மாசத்தில் ஒருநாள், பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஐந்து வரைக்கும் கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அந்த ஒருநாள்தான் அவளுக்கு நோம்பி. அன்றைக்கு பிரஸ் ஓடாது. அன்றைக்கு அவள் தலைக்கு ஊற்றிக்கொள்வாள், வாய் நிறையச் சாப்பிடுவாள், எட்டு மணி நேரம் மனுஷியாக இருப்பாள்.

வெட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். வெட்டினார்கள். அவளே வேலுச்சாமி கையில் அரிவாளைக் கொடுத்து, "கண்ண மூடிக்கிட்டு ஒரே போடு போட்ருங்க மாமா" என்றாள். போட்டார். ஒன்பதாம் நாள் அது திரும்ப முளைத்து, அதே வழியில் நடந்து, அதே இடத்தில் முட்டி, முன்பு புளியங்கொட்டை அளவு இருந்த முண்டு பாக்கு அளவு ஆனது. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து வெட்டினார்கள். பாக்கு, எலுமிச்சங்காய் ஆனது.

"வெட்ட வெட்ட இப்படித்தாம்மா மொளைக்கும்" என்றார் டாக்டரம்மா. "நரம்புக்குப் போய்ச் சேர ஒரு எடம் வேணும், செய்ய ஒரு வேலை வேணும். ரெண்டும் இல்லாததுதான் தன்னையே சுத்தி முடிச்சாயிருது. வேற எடத்துல கொண்டுபோய்ச் சேத்துட்டா அடங்கும்."

"எங்கீங்க சேக்கறது?"

"அதைத்தான் யோசிக்கணும்" என்றார் டாக்டரம்மா.

இன்னொன்றும் இருந்தது. ஊரெல்லையில் வாய்க்கால் பாலம் இருக்கிறதே, அதைத் துளசிமணி தாண்ட முடியவில்லை. நரம்பு அதுவரைக்கும்தான் எட்டியது. மூன்றுதரம் பஸ் ஏறிப் பார்த்தாள், மூன்றுதரமும் பாலத்து நடுவில் நரம்பு விண்ணென்று இழுத்து, கண் இருண்டு, கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிட, கையை மாரோடு அணைத்துக்கொண்டு நடந்து திரும்பினாள். முளையில் கட்டின ஆடு மாதிரி, முளை பட்டறையில் இருந்தது, கயிறு அவள் உடம்பிலேயே முளைத்திருந்தது.

இப்படி எட்டு மாசம் போனது. அப்போதுதான் மகள் மேகலா போன் செய்தாள். அவளை மூலனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம், ஒன்பதாம் மாசம் தொடங்கிவிட்டது. கட்டுச்சோறு கொண்டுபோய், முதல் வளையலைப் பெற்றவள் கையால் போட்டு, புள்ளையை அழைத்து வர வேண்டிய நேரம்.

"அம்மா, புதன்கிழமைய விட்டா வேற நாளில்லையாமா. நீ வந்துருவீல்ல?"

"அப்பன அனுப்பறேன் கண்ணு. பொன்னுத்தாயி பெரியம்மாளும் வருவா."

"ஆகாதாமா. பெத்தவ எங்க வாசப்படியேறி அழைச்சாத்தான் அனுப்புவோம்னு அத்தை சொல்லிட்டாங்க. இல்லீன்னா இங்கயே பெத்துக்கட்டும்கறாங்க. அம்மா, இங்க ராத்திரி இடுப்பு வலிக்குதுன்னு சொன்னாக்கூட ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. எனக்குப் பயமா இருக்குதும்மா."

சம்பந்தியம்மாள் போனை வாங்கிக்கொண்டாள். "ஏனுங் சம்பந்தி, ஊரு ஒலகத்துல எல்லாரும் ஒடம்பு முடியாமத்தான் எந்திரிச்சு வர்றாங்க. உங்களுக்கு மட்டும் அப்படியென்ன நரம்பு?"

துளசிமணி பாலத்தைப் பார்த்தபடி ஒரு பகல் முழுக்க நின்றாள். மகள் அந்தப் பக்கம். நடுவில் நாற்பது மைல். கையில் இவ்வளவுதான் நீளம்.

செவ்வாய்க்கிழமை கரண்டு நிறுத்தம். ஊரே திரண்டு பட்டறைக்குப் போனது. கான்கிரீட்டை உடைத்து விரலை எடுத்துக் கொடுத்துவிடு, நரம்பு சேர்ந்துகொள்ளட்டும் என்றது.

"அடித்தளத்துல கை வெச்சா மிஷின் ஆடிப்போயிருமுங்க" என்று ராஜமாணிக்கம் குறுக்கே நின்றார். "பூசை போட்டுப் பொதைச்சதத் தோண்டறது நல்லதா?"

"அவ புள்ளைய அழைக்கப் போகோணும், நீங்க மிஷின் ஆட்டத்தப் பேசறீங்களே" என்றாள் மரகதம், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். வேலுச்சாமி சம்மட்டியை எடுத்தார்.

உடைத்தார்கள். மஞ்சள் துணி கந்தலாக வந்தது. உள்ளே இரண்டு சின்ன எலும்பு, புறா எலும்பு மாதிரி, அவ்வளவுதான். துளசிமணி முண்டை மெள்ளப் பிரித்து நரம்பின் நுனியை எடுத்து எலும்புமேல் வைத்தாள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நரம்பு எலும்பைத் தொட்டது, மோந்தது, ஒருதரம் சுற்றி வந்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறுந்தரையில் மறுபடியும் முட்ட ஆரம்பித்தது. அதற்கு அடையாளம் தெரியவில்லை. எட்டு மாசமாக எதைத் தேடி முட்டியதோ அது செத்து வெகுநாளாகிவிட்டது.

ஒவ்வொருத்தராகக் கிளம்பிப் போனார்கள். பொன்னுத்தாயி மட்டும், "கட்டுச்சோத்துக்கு அரிசி ஊற வெக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

துளசிமணியின் கால் தானாக ஆறாவது பிரஸின் முன்னால் கிடந்த ஸ்டூலுக்குப் போனது, ஒன்பது வருஷம் உட்கார்ந்த ஸ்டூல், அவள் உட்கார்ந்ததும் வலது கை வலது பொத்தானுக்குப் போனது, இடது கை தகடு வைக்கிற இடத்துக்குப் போனது. அங்கே போய் நின்ற அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு இடது பொத்தானைப் பார்த்தாள், கறுப்பு டேப்புக்கு அடியில் ஒன்பது வருஷமாக எந்தக் கையும் தொடாத பொத்தானை. அந்தக் கைக்கு அன்றைக்கு இருந்திருக்க வேண்டிய இடம் அதுதான். அந்த விரலுக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலையை முதலில் பிடுங்கினார்கள், விரலை அப்புறம்தான் பிடுங்கினார்கள்.

"ஊற வெய்யிங்க்கா" என்றாள். "நல்லாவே ஊற வெய்யிங்க."

நகத்தால் டேப்பை உரித்தாள். அடுக்கு அடுக்காக வந்தது. அடியிலிருந்த பொத்தான் சிவப்பு நிறம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. தரையில் முட்டிக்கொண்டிருந்த நரம்பைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, "அங்க யாருமில்ல சாமி, அது போயிருச்சு, நீ இங்க வா" என்று சொல்லிப் பொத்தானின் இடுக்கில் நுனியை வைத்தாள். அது தயங்கியது. இரும்பை மோந்தது. பிறகு உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது, மிஷினின் வயிற்றுக்குள் சுற்றி, அடுத்த பிரஸுக்கு ஒரு கிளை விட்டு, அதற்கடுத்ததுக்கு ஒரு கிளை விட்டு, ஒவ்வொரு டேப்புக்கு அடியிலும் நுழைந்து உட்கார்ந்தது. எலுமிச்சங்காய் முண்டு பாக்கானது, புளியங்கொட்டையானது, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. துளசிமணி எட்டு மாசத்துக்கு அப்புறம் ஒரு முழு மூச்சை வெளியே விட்டாள்.

புதன்கிழமை காலையில் ஐந்து வகைச் சோறு, தாம்பாளத்தில் கண்ணாடி வளையல், பழம், பூ. முதல் பஸ். வாய்க்கால் பாலம் வந்ததும் கண்டக்டர் பழக்கத்தில் விசிலை வாயில் வைத்தார், பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள், வேலுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். நரம்பு ஜன்னல் வழியாகப் பின்னால் நீண்டது, நீண்டது, மதகு திறந்த தண்ணீர் மாதிரித் தாராளமாக வந்துகொண்டே இருந்தது. வலிக்கவில்லை. பாலம் பின்னால் போனது. "நாப்பது மைலுக்கும் டிக்கெட் எடுக்காம ஒண்ணு வருதே" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது, துளசிமணி மட்டும் அழுதாள்.

மூலனூர் வீட்டு வாசற்படியில் சம்பந்தியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். படியேறின துளசிமணியையும் அவளுக்குப் பின்னால் ரோடு ரோடாக ஓடுகிற வெள்ளைக் கோட்டையும் பார்த்தாள். "வாங்க சம்பந்தி" என்று மட்டும் சொன்னாள், ஜாக்கிரதையாகக் காலை அகட்டி வைத்து அதைத் தாண்டி உள்ளே போனாள்.

மேகலாவை மணையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசும்போது வேலுச்சாமியின் போன் அடித்தது. ராஜமாணிக்கம். "துளசிமணிகிட்டக் குடய்யா."

"சொல்லுங்க மொதலாளி."

"ஏம்மா, காலையிலிருந்து ஆறு மிஷினும் நிக்குது. மோட்டார் ஓடுது, அச்சு எறங்கமாட்டேங்குது. கரண்டுக்காரன் வந்து பாத்துட்டு, ஒயர்ல கோளாறில்ல, நரம்புலதான்னு சொல்லிட்டுப் போயிட்டான். என்னம்மா பண்ணுன?"

"டேப்பெல்லாம் உரிச்சிட்டீங்களாங்க?"

"உரிச்சாச்சு, எல்லாம் அப்பவே உரிச்சாச்சு."

துளசிமணி கண்ணை மூடினாள். இல்லாத விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று, காற்றாட இருந்தது. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறு பிசுபிசுத்தது.

"ஆறாவதுல புதுசா ஒட்டியிருக்கறீங்க. வலது ஓரத்துல ஒரு சுருக்கம் உழுந்திருக்குது."

போனில் 'சர்ர்ர்' என்று டேப் உரிகிற சத்தம் கேட்டது.

"இப்பச் செரியா?"

"மரகதத்துக்குக் கை அச்சுக்குள்ள இருக்குதுங்க. எடுக்கச் சொல்லுங்க."

"ஏ மரகதம், கைய எடு! ... எடுத்துட்டா. ரெண்டு பொத்தான்லயும் கை வெச்சிருக்கறா. இப்ப விடம்மா, லாரி வந்து நிக்குது."

"செத்த பொறுங்க மொதலாளி" என்றாள் துளசிமணி. "எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்குது."

போனை அணைக்காமலே தாம்பாளத்தில் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், மகளின் கையை இடது கையில் ஏந்திக்கொண்டாள், வலது கையால் முதல் வளையலை எடுத்து, அவசரமே இல்லாமல், போட ஆரம்பித்தாள்.